ஈ வந்த யன்னல்

காலை ஆறு பத்துக்கு முதல் ஈ வந்து மகளின் காலில் உட்கார்ந்தது. நேரத்தை மறக்கமாட்டேன். ஆறு மணிக்குக் கொடுக்கவேண்டிய மாத்திரை பிந்திவிட்டதே என்ற பதற்றத்தில் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் அவளுடைய அறைக்குள் போனேன். அவள் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த காலில், கம்பி தோலுக்குள் இறங்குகிற இடத்தில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில், ஒரு ஈ இருந்து முன்கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. பந்தியில் உட்காருமுன் கை கழுவுகிற விருந்தாளியைப் போல.

மகளுக்குப் பத்தொன்பது வயது. காலி வீதியில், ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டில் வைத்தே, ஒரு வான் அவளை அடித்துவிட்டுப் போனது. முழங்காலுக்குக் கீழே உடைந்த எலும்பை ஒழுங்காகப் பிடித்து வைப்பதற்குக் கம்பிகள் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. வெளியே அவற்றை ஒரு உலோகத் தண்டு இணைத்து நிற்கிறது. "கம்பி இறங்குகிற இடத்தில் கிருமி பிடித்தால் அது எலும்புக்குப் போகும், பிறகு எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்கவேண்டும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். காயம் சுத்தமாக இருந்தால் இன்னும் சில கிழமைகளில் ஒரு கட்டு மாற்றும்போது நிற்க வைத்துப் பார்க்கலாம் என்றும் சொல்லியிருந்தார். விபத்து நடந்த நாளிலிருந்து வீதியில் ஒரு பிரேக் சத்தம் கேட்டாலே என் கையிலிருக்கிற பாத்திரம் விழுகிறது. அப்படிப்பட்ட எனக்கு அந்த ஒரு ஈ போதுமாக இருந்தது.

ஒன்று என்றால் விரட்டலாம். மத்தியானத்துக்குள் அறையில் எங்கு பார்த்தாலும் ஈ. மின்விசிறியின் கம்பியில் வரிசையாக இருந்தன. கண்ணாடிக் குவளையின் விளிம்பில் இருந்தன. மகளின் பாடப் புத்தகத்தில், படத்திலிருந்த தவளையின் மேல்கூட ஒன்று இருந்தது. மருந்து அடிக்கலாம் என்றால் அவளுக்கு இழுப்பு, மூச்சு முட்டும். நுளம்பு அடிக்கிற மின்சார மட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்தேன்.

"அம்மா, கம்பியில பட்டா எனக்கும் சேர்த்து ஷொக் அடிக்கும். ஈ தப்பிடும், நான் போயிடுவன்."

"வாயை மூடிக்கொண்டு படு பிள்ளை."

"வாயை மூடாட்டி உள்ள போயிடும் எண்டு பயமோ?"

அவளுக்கு எல்லாம் பகிடி. அவளுடைய அப்பா கட்டாரிலிருந்து வட்ஸ்அப்பில் வந்து, "ஒரு ஈக்கு ஏனப்பா இவ்வளவு கலவரம்?" என்றார். போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

முதலில் குப்பை என்றுதான் நினைத்தேன். எங்கள் தொடர்மாடியின் காவல்காரர் சிங்களவர். வெள்ளவத்தையில் வேலைபார்த்தே தமிழ் பழகியவர். கீழே இறங்கிப்போய் அவரிடம் கேட்டேன்.

"அனே மிஸ், நம்ம பில்டிங்ல குப்பை இல்ல. லொறி காலைல வந்தது, எல்லாம் கழுவினது. பாருங்க, ஒரு ஈ இல்ல. பக்கத்து ஹோட்டல்தான்."

உண்மையாகவே அவருடைய குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஈயும் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கிற என் வீட்டில் இருக்கிற ஈ, தரையில் இருக்கிற குப்பைத் தொட்டியில் இல்லையென்றால் என்ன அர்த்தம்?

பூச்சி ஒழிப்புக் கம்பனி ஒன்றுக்குப் போன் எடுத்தேன். வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. திரும்பவும் எடுத்தேன். மருந்து அடித்து முடிய வீட்டில் யாரும் அரை நாளைக்கு இருக்கக்கூடாது என்றார்கள். படுக்கையிலிருந்து எழும்ப முடியாத பிள்ளையை எங்கே கொண்டுபோவது என்று கேட்டேன். "உறவுக்காரர் வீட்டுக்கு?" என்றான் அந்தப் பையன். உறவுக்காரர் வீடு எனக்கு நேர் மேலே, நாலாம் மாடியில். லிஃப்ட் வேலை செய்யாமல் ஒரு மாதமாகிறது.

அந்த உறவு என் மச்சாள், கணவரின் அக்கா. தனியாக இருப்பவர். விபத்துக்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறாமல் பின்னேரம் சொதியோ இடியப்பமோ கொண்டு படியிறங்கி வருவார். கட்டு மாற்றும் நாட்களில் நேர்ஸுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவதும் அவர்தான். மகளுக்குச் சனி சரியில்லை என்று யாரோ சாத்திரி சொன்னதிலிருந்து, சனிக்கிழமை விரதத்தோடு நிற்காமல், பிள்ளை கால் ஊன்றும்வரை நாளும் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவது என்று நேர்த்தி வைத்திருந்தார். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காலத்தில் நானே எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே வாய் திறப்பதில்லை.

"காகம் ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டிட்டுப் போகுது, மச்சாள்," என்று அன்றைக்கும் சொன்னார். "வைச்சுப்போட்டு யன்னலைச் சாத்திப்போடுவன். நாங்கள் நிண்டா அது கிட்ட வராது. பிறகு திறந்து பார்த்தா, இலையைக்கூடக் காணேல்ல. நல்ல சகுனம்."

"மாமி, காகம் இலையும் சாப்பிடுமோ?" என்றாள் மகள்.

"பசியெண்டா எல்லாம் சாப்பிடும். நீ மட்டும்தான் முருங்கைக்காய் வேண்டாம் எண்டு சொல்லுவாய்."

நான் அப்போது கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒரு ஈ சொதிச் சட்டியின் மூடியில் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் ஈயைப் பற்றிப் படித்தது, உயர்தர வகுப்பில் எந்தப் பாடத்தையும் படிக்காத அளவுக்கு. ஈ என்றால் எல்லாம் ஈ இல்லையாம். பழத்தில் மொய்க்கிற சின்னது வேறு. தண்ணீர் போகிற குழாயிலிருந்து வருகிற, அந்துப்பூச்சி போல மயிர் படிந்தது வேறு. செத்த எலிக்கு வருகிற பச்சையாக மினுங்குகிறது வேறு. எதுவென்று தெரியாமல் அடித்துக்கொண்டிருப்பது வீண்வேலை. ஒவ்வொன்றும் முட்டையிடுகிற இடம் வேறு.

ஒரு குவளையில் வினாகிரியும் பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு சொட்டும் விட்டு வைத்தேன். பழ ஈ என்றால் அதில் விழவேண்டும். ஒன்றும் விழவில்லை. குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு மேலே செலோடேப்பை, பசை கீழே பார்க்க, காற்றுப் போக இடைவெளி விட்டு ஒட்டினேன். குழாயிலிருந்து வருவதென்றால் அதில் ஒட்டவேண்டும். மயிர் படிந்த சின்னப் பூச்சி இரண்டு ஒட்டியிருந்தன. என் வீட்டில் பறப்பது அதுவல்ல. சாம்பல் நிறம், முதுகில் கறுப்புக் கோடுகள், சிவந்த கண். சாதாரண வீட்டு ஈ. எவரும் படம் போட்டு விளக்கத் தேவையில்லாத, பிறந்ததிலிருந்து தெரிந்த ஈ. இவ்வளவு படித்து இங்கேதானா வந்து நிற்கிறேன் என்று எனக்கு அழுகை வந்தது.

கட்டு மாற்ற வருகிற நேர்ஸ் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர். ஓய்வுபெற்றவர். நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கிழமை வந்தபோது என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "பொலிதீன் பையில தண்ணி நிறைச்சு வாசல்ல கட்டித் தொங்கவிடுங்க, எங்க பக்கத்து மீன்கடை எல்லாத்துலயும் அப்படித்தான்" என்றார். கட்டித் தொங்கவிட்டேன். அடுத்த நாள் காலை அந்தப் பைகளின் மேலேயே ஈக்கள் இருந்தன.

"தண்ணி குடிக்க வந்ததுகள் பாவம்," என்றாள் மகள்.

இந்த நேரத்தில்தான் குளியலறையில் சிவப்பரிசி கண்டேன். யன்னலுக்குக் கீழே, சலவை இயந்திரத்துக்குப் பின்னால், கூட்டும்போது விளக்குமாற்றோடு ஐந்தாறு வந்தன. எலி வேறு வந்துவிட்டதா, அரிசிப் பையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறதா என்று பயந்தேன். அள்ளி மகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் உயிரியல் படிக்கிறவள். போன் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது அரிசி இல்லை."

"வேற என்ன?"

"அரிசிக்கு வரி வரியா வளையம் இருக்குமோ? இது ஈயிட கூடு. புழு வளர்ந்து முடிய, காய்ஞ்ச இடம் தேடி ஊர்ந்து போய் இப்பிடிச் சுருண்டு கிடக்கும். இந்தா, இது திறந்து கிடக்கு. இதுக்குள்ள இருந்தது இப்ப உங்கட தலையில இருக்குது."

தலையைத் தட்டினேன். உண்மையாகவே ஒன்று பறந்தது.

அவள் நம்பச் சொல்லவில்லை, நிரூபிக்கிறேன் என்றாள். ஜாம் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கி, திறக்காத கூடுகள் மூன்றை அதில் போட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் அறை அறையாக ஈயை விரட்ட, என் வீட்டிலேயே என் மகள் ஈ வளர்த்தாள். எறி என்று சொன்னேன், கத்தினேன். "படுத்த படுக்கையா இருக்கிற பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்கும் வேண்டாமோ?" என்று கேட்டால் என்ன சொல்வது? சில நாள் கழித்து, நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, "அம்மா, பேரப்பிள்ளை பிறந்திருக்கு!" என்று சத்தம் போட்டாள். போத்தலுக்குள் சாம்பல் நிற ஈ ஒன்று கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. சிறகு இன்னும் சரியாக விரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் இன்னொரு விதமாகப் பிடித்தது. ஈ வெளியிலிருந்து வந்து போகவில்லை. எங்கள் வீட்டிலேயே, அவளுடைய அறைக்கு அடுத்த சுவரில், பிறந்துகொண்டிருக்கிறது. பறக்கிறதை அடிப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. எங்கேயோ புழு இருக்கிறது. புழு என்ற சொல்லை நினைத்தவுடன் மகளின் காலைத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து மிஸ் கட்டிய கட்டுக்கு மேலே நானும் துணி சுற்றி, ஓரமெல்லாம் பிளாஸ்டர் ஒட்டத் தொடங்கினேன். காலையில் உரித்துவிட்டு, மாலையில் திரும்ப ஒட்டினேன்.

கூடுகள் யன்னலுக்குக் கீழேதான் கிடந்தன. ஆனால் குளியலறையில் அழுகுகிற பொருள் ஒன்றுமில்லை. யன்னல் உயரத்தில் இருக்கிறது, மங்கல் கண்ணாடிப் பட்டிகள் போட்டது. அதற்கு அந்தப் பக்கம் தொடர்மாடியின் நடுவே மேலிருந்து கீழ்வரை காற்றுக்காக விட்ட கிணறு போன்ற இடைவெளி. குழாய்கள் மட்டும் போகிற இடம். புறாத் தொல்லை என்று போன வருடம் தொடர்மாடிக் கமிட்டி அதில் பச்சை வலை ஒன்றை, எங்கள் யன்னலுக்குச் சற்றுக் கீழே, குறுக்கே கட்டியிருந்தது. அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. எவர் பார்ப்பார்?

ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு கண்ணாடிப் பட்டியைக் கழற்றி, முகத்தை வைத்துப் பார்த்தேன்.

வலை தொட்டில் மாதிரித் தொய்ந்து கிடந்தது. அதற்குள் வாழையிலைத் துண்டுகள். கறுத்தது, பழுப்பானது, இன்னும் பச்சையாக இருந்தது என்று ஒன்றன்மேல் ஒன்று. நடுவே சோறு. பருப்பு. பொரித்த கத்தரிக்காய் போல ஏதோ. சோறு அசைந்துகொண்டிருந்தது. அது சோறு இல்லை என்று விளங்க ஒரு கணம் எடுத்தது.

ஸ்டூலிலிருந்து விழாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தலைக்கு மேலே மச்சாளின் குரல் கேட்டது. "கா... கா... கா..." அவருடைய சமையலறை யன்னலின் வெளிவிளிம்பில் ஒரு கை வாழையிலைத் துண்டை வைத்தது. யன்னல் மூடியது. காகம் ஒன்றும் வரவில்லை. அந்த இருண்ட, ஒடுங்கிய கிணற்றுக்குள் எந்தக் காகம் இறங்கும்? கொஞ்ச நேரத்தில் யன்னல் திறந்தது. வெளிப்பக்கமாகத் திறக்கிற யன்னல். கதவு இலையையும் சோற்றையும் வழித்துக்கொண்டு வர, எல்லாம் சேர்ந்து என் முகத்துக்கு முன்னால் போய் வலையில் விழுந்தது.

"பாத்தியே," என்று மச்சாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இண்டைக்கும் முழுக்கச் சாப்பிட்டிட்டுது."

"மச்சாள்!"

"ஆர்? எங்கயிருந்து கூப்பிடுறீங்கள்?"

"கீழ பாருங்கோ! உங்கட காகம் சாப்பிட்டது கீழ கிடக்கு!"

அவர் எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் அந்தக் கிணற்றுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் முகம் மெல்ல மாறியது.

"நான் பிள்ளைக்காகத்தான் வைச்சனான்..."

"பிள்ளைக்காகவோ? உங்கட விரதத்தாலதான் பிள்ளையிட கால் போகப் போகுது! அவ்வளவும் புழு! அங்கயிருந்துதான் ஈ வந்து அவளிட காயத்தில இருக்குது!"

மச்சாள் யன்னலை மிக மெதுவாகச் சாத்தினார். அன்று பின்னேரம் சொதி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

காவல்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். "அனே மிஸ், நான் குப்பைத் தொட்டி கழுவினது, நீங்க மேல வேற தொட்டி கட்டியிருக்கீங்க." முதலில் கொதிதண்ணீரை யன்னல் வழியாக வாளி வாளியாக ஊற்றினோம். பிறகு அவர் வலையின் மூலைகளை அவிழ்த்து, மூட்டையாகக் கட்டி, கயிற்றில் கீழே இறக்கி, இரண்டு கறுப்புப் பைக்குள் இறுக்கிக் கட்டி, அன்றைய லொறியிலேயே அனுப்பினார். சுவரை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். சலவை இயந்திரத்தை இழுத்து, பின்னால் கிடந்த கூடுகளை ஒன்று விடாமல் கூட்டி அள்ளிக் கொதிதண்ணீரில் போட்டேன். யன்னலுக்கு நுளம்பு வலை அடித்தோம்.

"மாமி காகத்துக்குச் சோறு போட்டுப் புண்ணியம் சேர்த்தா," என்றாள் மகள், கட்டிலிலிருந்து. "நீங்கள் அதை ஒரே நாளில கொதிக்க வைச்சு முடிச்சிட்டீங்கள்."

"உனக்கு மாமியில இரக்கமோ?"

"ஓம். அவ தெரிஞ்சே செய்தவ? நீங்கள் கத்தின கத்து எனக்கு இங்க கேட்டது."

ஈ உடனே போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. எங்கேயோ நான் காணாத இடுக்கில் கிடந்த கூடுகள் திறந்து திறந்து வந்துகொண்டிருந்தன. மருந்தாலும் கூட்டுக்குள் இருக்கிறதை ஒன்றும் செய்ய முடியாதாம், அது தன் நேரத்துக்குத்தான் வரும். பசைக்காகிதம் தொங்கவிட்டேன். என் தலைமயிர்தான் முதலில் அதில் ஒட்டியது. இருந்தாலும் நாளுக்கு நாள் குறைந்தது. குறைகிறது என்று மனம் கொஞ்சம் இறங்கிய நேரத்தில், ஒரு காலை பிளாஸ்டரை உரிக்கும்போது கம்பியைச் சுற்றித் தோல் சிவந்திருப்பதைக் கண்டேன்.

தொட்டால் சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டேன். சுடுகிறது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. மணந்து பார்த்தேன். மருந்து மணம்தான். மகள் பகிடி விடவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அம்மா, திரும்பக் கழற்றிப் போடுவினமோ?"

"ஒண்டுமில்லை பிள்ளை. மிஸ் வந்து பாப்பா."

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தால், கொட்டாஞ்சேனையில் விடிய விடிய மழை, அவருடைய வீட்டு ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். வடிந்தவுடன் வருகிறேன் என்றார். டொக்டர் வெளிநாட்டில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் படியால் தூக்கி இறக்கவேண்டும். நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்தேன். ஈ ஒன்று என்னோடு சேர்ந்து போய் வந்தது. அதை அடிக்கவும் எனக்குத் தெம்பில்லை.

அப்போது மகளின் போனில் ஒரு படம் வந்தது. மச்சாள் அனுப்பியிருந்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மேல் வாழையிலை. நனைந்த காகங்கள் நாலைந்து அதைச் சுற்றி நின்று சோற்றுக்குச் சண்டை பிடிக்கின்றன. படத்துக்குக் கீழே ஒரு சொல்லும் எழுதவில்லை. மகள் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். நான் பார்த்துவிட்டுத் திரும்பவும் வாசலுக்குப் போனேன். மழையில், முழங்கால் வருத்தத்தோடு, மொட்டைமாடி வரை ஏறியிருக்கிறார்.

மிஸ் வந்து சேரும்போது சேலைக் கரை முழுக்க நனைந்திருந்தது. செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, கட்டிலருகே வந்து நின்று காலைப் பார்த்தார்.

"மாதாவே! இது காலா, பார்சலா?"

நான் சுற்றிய துணியை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெளிச்சத்தை இழுத்து வைத்து, ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் விரலால் அழுத்தினார். பழைய பஞ்சை மணந்து பார்த்தார். நான் காலைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சீழ் இல்ல, சூடு இல்ல," என்றார். "பிளாஸ்டர ஒட்டி ஒட்டி உரிச்சதுல தோல் சிவந்திருக்கு, அவ்வளவுதான். இதுக்குள்ள ஈ போகேலாது, காத்தே போகல்லியே."

மகள் பெரிதாக மூச்சு விட்டாள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

புதிய கட்டைப் போட்டு முடித்துவிட்டு மிஸ் நிமிர்ந்தார். "சரி மகள், எழும்புங்க. நின்டு பாப்பம்."

நான் எழும்பி மகளின் தோளைப் பிடித்தேன். மிஸ் என் கையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "உங்க கை நடுங்குது. நான் முன்னால குனிஞ்சு கால பாக்கணும். அந்தத் தேத்தண்ணி ஊத்துற அக்கா எங்க இன்னைக்கு? போய்க் கூட்டிட்டு வாங்க, மத்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்."